ஆறு மணி வரைக்கும் நான் வீட்டில் இல்லை

குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேஜையில் நான் வேலை பார்க்கிறேன். சீசன் வந்துவிட்டால் அந்த மேஜைத் தொலைபேசி ஓயாமல் அடிக்கும். ரூம் இருக்கா, தண்ணி நல்லா விழுதா, ஐந்தருவியில் குளிக்க விடுதாங்களா என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே கேள்விகள்தான். பதில் சொல்லி வைத்ததும் மறந்துவிடுவேன். ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு வந்த அழைப்பு மட்டும் வார்த்தை மாறாமல் நினைவில் இருக்கிறது.

"ரிசப்ஷன்ல இருக்கிற மேடத்துக்கு இன்னிக்கு எத்தன மணி வரைக்கும் டூட்டி?"

ஆண் குரல். பணிவாகத்தான் கேட்டான்.

"நான்தான் சார் பேசுறது. ஆறு மணி வரைக்கும் இருப்பேன். என்ன விஷயம்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

வைத்துவிட்டான். நானும் வைத்துவிட்டு, மதுரையிலிருந்து வந்த குடும்பத்துக்கு ரூம் சாவி எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் வீட்டுச் சின்னப் பிள்ளை ஈரத் துண்டோடு படியில் வழுக்கி விழப் பார்த்தது, அதைப் பிடித்து நிறுத்தினேன். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் கழித்து, ஆதார் நகல்களை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் என் கை நின்றது. ரூம் வேண்டுமென்றால் ரூமைக் கேட்பான். நான் எப்போது கிளம்புவேன் என்று ஒருத்தன் எதற்குக் கேட்க வேண்டும்?

நான் லாட்ஜில் இருக்கும் நேரம் என்பது, என் மகள் வீட்டில் தனியாக இருக்கும் நேரம்.

அவளுக்குப் பதிமூன்று வயது. எட்டாம் வகுப்பு. அவள் அப்பா ராணுவத்தில் இருக்கிறார், வடக்கே எல்லைப் பக்கம் வேலை. நான்கு வருடங்களுக்கு முன்னால் குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக் குடிவந்தோம். எங்கள் தெருவில் ஒரு வீடு இருந்தால் பக்கத்தில் இரண்டு மனை காலியாக, முள் மண்டிக் கிடக்கும். சனிக்கிழமை அவளுக்குப் பள்ளி கிடையாது, எனக்கு வேலை உண்டு. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பாள். வீட்டுப்பாடமெல்லாம் வகுப்புக் குரூப்பில் வருவதால் என் பழைய ஃபோனை அவளிடம் கொடுத்திருந்தேன்.

கொடுத்த அன்றைக்கே மிரட்டியும் வைத்திருந்தேன். "தெரியாத ஆளுகூடப் பேசுனன்னு தெரிஞ்சுது, இந்த ஃபோன அம்மில வச்சு நச்சிருவேன். அதுக்கப்புறம் உன்னை என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது." அவள் தலையாட்டினாள். பிள்ளையைப் பாதுகாக்க ஒரு தாய் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

அவளைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது முறையும் அடித்து ஓய்ந்தது. நான்காவது முறை, ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொன்னது.

எங்கள் எதிர்வீட்டு அக்கா தென்காசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், யாருக்கு என்ன என்றாலும் முதலில் வந்து நிற்பவர். அவரை அழைத்தேன். சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தார், அது என் அதிர்ஷ்டம்.

"அக்கா, பிள்ள ஃபோன எடுக்க மாட்டேங்கா. கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்."

"தூங்கிருப்பா. இரு, பாக்கேன்."

மேலாளரான அண்ணாச்சியிடம் வீட்டில் அவசரம் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே ஓடிவந்து ஓர் ஆட்டோவைப் பிடித்தேன். ஏறி உட்கார்ந்ததும் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

"கதவு உள்ளாறப் பூட்டிருக்கு. தட்டுதேன், தட்டுதேன், சத்தமே இல்ல. ஜன்னலு எல்லாத்தையும் சாத்திருக்கா. நீ பதறாம வா."

பதறாம வா என்று யார் சொன்னாலும் அந்த வார்த்தைதான் முதலில் பதற வைக்கிறது. சனிக்கிழமைக் கூட்டம். கேரளப் பதிவெண் கார்களும் வேன்களும் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. மேலகரத்தில் ஆட்டோ அசையவே இல்லை.

"அண்ணாச்சி, வேற வழி எதும் இருக்கா?" என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"எங்கன போனாலும் இப்பிடித்தான் தாயி. சீசன்லா."

வேனின் ஜன்னலில் பிள்ளைகள் கையை நீட்டிச் சாரலைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தன. நானோ அணைத்து வைக்கப்பட்ட ஃபோனுக்கே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். என்னென்ன நினைத்தேன் என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை.

தெருமுனையில் இறங்கியபோது, கட்டி முடிக்காத ஒரு வீட்டின் தகரத்துக்குக் கீழே நீலநிற மழைக்கோட்டில் ஓர் ஆள் பைக்கில் உட்கார்ந்திருந்தான். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. நான் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் பைக்கைக் கிளப்பிக்கொண்டு என்னைக் கடந்து போனான்.

அக்கா குடையோடு என் வீட்டு வாசலில் நின்றார். "அந்த ஆளு நான் வரும்போதே அங்கன நின்னான். மழைக்கு ஒதுங்குனவன்னு நெனச்சேன்" என்றார்.

நான் கதவைத் தட்டிக் கத்தினேன். பதில் இல்லை. பின்பக்கம் ஓடிக் குளியலறையின் சின்ன ஜன்னலுக்குக் கீழே நின்று கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. குரல் என்றுகூடச் சொல்ல முடியாது, மூச்சுதான்.

"அம்மாவா?"

"ஆமாட்டி. நான்தான்."

"வேற யாரும் நிக்காங்களா?"

"எதிர்வீட்டு அக்கா மட்டுந்தான் நிக்காவ. கதவத் தொற."

கதவைத் திறந்தாள். காலையில் நான் பின்னிவிட்ட சடை அப்படியே இருந்தது. குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, ஃபோனை அணைத்து ஒரு வாளியைக் கவிழ்த்து அதற்கடியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் அவளைக் கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினேன். அவள் ஓர் அடி பின்னால் போய் இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"அடிக்காதம்மா."

அந்த மதியம் முழுவதும் நான் யாரோ ஒருவனுக்குப் பயந்துகொண்டு வந்தேன். என் பிள்ளை, அவனுக்கும் பயந்து எனக்கும் பயந்து உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

அக்காதான் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். அடுப்பில் பால் வைத்தார். மகள் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டு முறை என் வாய் வசவுக்குத் திறந்தது. இரண்டு முறையும் அக்கா என் முழங்கையை அழுத்தினார்.

வீடும் தோட்டமும் கட்டி விளையாடுகிற ஒரு விளையாட்டு அந்த ஃபோனில் இருந்தது. அதற்குள்ளேயே மற்றவர்களோடு எழுதிப் பேசலாம் என்பது எனக்குத் தெரியாது. ஏதோ கட்டங்களை அடுக்குகிறாள் என்று நினைத்திருந்தேன். அதில் ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். பதினாலு வயசு, புனலூர், அம்மா தமிழ், அப்பா மலையாளி என்று சொல்லியிருக்கிறாள். படத்துக்குப் பதிலாக ஒரு முயல் பொம்மை. மைக் கெட்டுப்போச்சு என்று சொல்லி ஒரு தடவைகூடக் குரலில் பேசவில்லை. ஆறு வாரம் தினமும் பேசியிருக்கிறார்கள். பிறகு, "இதுல வேண்டாம், வாட்ஸப்புக்கு வா" என்று அந்தப் பெண் கூப்பிட, இவள் போயிருக்கிறாள்.

"அவட்ட என்னத்தட்டி அப்பிடிப் பேசுன?"

"எல்லாமும்தான். நான் சொன்னா அவ கேப்பாம்மா. நீ வந்த உடனே கால் வலிக்குன்னு படுத்துருவல்லா."

ஃபோனைத் திறந்து நானும் அக்காவும் படித்தோம். முதலில் எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. இரண்டு பிள்ளைகள் பேசுகிற மாதிரிதான் இருந்தது. கணக்கு டீச்சர் திட்டியது, தலையில் பேன், மாங்காய்க்கு உப்பு. இடையிடையே ஒரு கேள்வி. உங்க அப்பா எப்ப லீவுல வருவாங்க? அம்மா எந்த லாட்ஜ்? சனிக்கிழமை உன்கூட யாரு இருப்பா? பக்கத்து வீட்டுல ஆள் உண்டா? ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள், மூன்று நாள் இடைவெளி. தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் கேள்வியும் கேள்வியாகவே தெரியாது. ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது எங்கள் வீட்டில் அந்த முயல் பொம்மைக்குத் தெரியாதது எதுவுமே இல்லை.

பிறந்தநாளுக்கு எடுத்த புதுச் சுடிதாரில் மொட்டைமாடியில் நின்று ஒரு படம் அனுப்பியிருந்தாள். பின்னால் எங்கள் தண்ணீர்த் தொட்டி, அடுத்த தெருவின் செல்ஃபோன் டவர், மலை எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குத்தான் முதன்முதலாகக் குரல் வந்திருக்கிறது. அந்தக் குரல் பதிவை அக்கா போட்டார். "நான் அவ அண்ணன் பேசுறேன். நாங்க குற்றாலம் வந்திருக்கோம். அவ உன்னப் பாக்கணும்னு அழுவுறா. பஸ் ஸ்டாண்டுக்கு வா, நான் வந்து கூட்டிட்டுப் போறேன். அம்மாட்டச் சொல்லாத, சர்ப்ரைஸ்."

இரண்டரை மணிக்கு லாட்ஜில் கேட்ட அதே குரல்.

மகள் வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாள். அவளைப் பேசச் சொல்லு என்று கேட்டிருக்கிறாள். ஆறு வாரமாக மைக் கெட்டுப்போனவள் அப்போதும் பேசவில்லை. அங்கேதான் இவளுக்குப் புரிந்திருக்கிறது. "அப்பிடி ஒரு பிள்ளையே கிடையாதோன்னு தோணிச்சும்மா. கையெல்லாம் வெறச்சிட்டு" என்றாள். அதன்பிறகு வந்த செய்திகளில் சிநேகிதியும் இல்லை, அண்ணனும் இல்லை. உன் வீடு எதுன்னு எனக்குத் தெரியும். உங்க அம்மா ஆறு மணி வரைக்கும் வரமாட்டா. கதவத் திறக்கலேன்னா இந்தப் போட்டோவ அசிங்கமா மாத்தி உங்க கிளாஸ் குரூப்புல போடுவேன்.

"எனக்கு ஒரு ஃபோன் பண்ணிருக்கலாம்லா?"

"பண்ணிருப்பேன். ஃபோன நச்சிருவன்னு சொன்னல்லா. நான் பேசிருக்கேன்லாம்மா. தெரியாத ஆளுகூட."

அவ்வளவையும் அழித்துவிட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. செய்தி, படம், விளையாட்டு எல்லாவற்றையும். தெருவுக்குத் தெரிந்தால், அவள் அப்பா வீட்டுப் பக்கம் தெரிந்தால், பொம்பளப் பிள்ள, நாளைக்கு யார் என்ன பேசுவார்கள் என்றெல்லாம் மனது ஓடியது. அழிக்கிற இடத்தில் விரலை வைத்தேவிட்டேன். அக்கா ஃபோனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ அழிச்சா அவன் செஞ்சதுக்கு உள்ள சாட்சிதான் அழியும். போட்டோ அவன்ட்ட அப்பிடியேதான இருக்கும்? எந்திரி. ஸ்டேஷனுக்குப் போவோம்."

"பிள்ளையக் கூட்டிக்கிட்டா?"

"பிள்ள என்ன களவா எடுத்துட்டு வந்திருக்கா?"

தென்காசியில் மகளிர் காவல் நிலையத்துக்கு நான் அதற்குமுன் போனதில்லை. உள்ளே போகும்போது துப்பட்டாவால் மகளின் முகத்தை மூடப் பார்த்தேன். அவள் தட்டிவிட்டாள். அங்கிருந்த உதவி ஆய்வாளர் என்னைவிடச் சின்னவர். எங்களைத் தனி அறையில் உட்கார வைத்து, முதலில் மகளிடம், "சாப்பிட்டியா பாப்பா?" என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பன்னும் டீயும் வந்தன. அவள் தின்று முடிக்கும்வரை உதவி ஆய்வாளர் ஃபோனைத் தொடவில்லை.

பிறகு ஒவ்வொரு செய்தியாகப் படித்தார். "நீ மூணு காரியம் சரியாப் பண்ணிருக்க. பஸ் ஸ்டாண்டுக்குப் போகல. கதவத் தொறக்கல. எதையும் அழிக்கல. போட்டோ அனுப்புனது தப்புன்னு நெனக்கியா?"

மகள் தலையைக் குனிந்தாள்.

"கூட்டாளின்னு நெனச்சு அனுப்புன. ஏமாத்துனது அவன். தப்பு அவனுக்கு. உன் பேரு எங்கயும் வெளிய வராது, அதுக்குச் சட்டம் இருக்கு. சரியா?"

அவளிடம் இப்படிப் பேச முடியும் என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. என்னிடம் திரும்பி, லாட்ஜ் ஃபோனில் வருகிற எண் தெரியுமா என்று கேட்டார். சின்னத் திரை உண்டு, எண் அதில் நிற்கும். அண்ணாச்சியை அழைத்து, இரண்டரை மணிக்கு வந்த எண்ணைப் படிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். படித்துவிட்டு வைக்கவில்லை.

"இரும்மா. இந்தக் கடைசி நாலு நம்பர எங்கயோ எழுதுன மாதிரி இருக்கு." பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "ஏம்மா, இது நம்ம பன்னெண்டாம் நம்பர் ரூம் பார்ட்டில்லா? நேத்துச் சாயங்காலம் வந்தவரு. நீதான எழுதிருக்க."

உதவி ஆய்வாளர் ஃபோனை வாங்கினார். "ரூம்ல ஆள் இருக்கா?"

"இல்ல. மத்தியானம் வெளிய போனவரு. சாவி போர்டுல இல்ல. பை மட்டும் உள்ள இருக்கும்."

"நீங்க ஒண்ணும் காட்டிக்காதிய. எப்பவும்போல இருங்க. எங்க ஆளுவ சாதா உடுப்புல வருவாங்க."

நாங்கள் அந்த அறையிலேயே காத்திருந்தோம். மகள் அக்காவின் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் கண் திறந்தது. ஐந்து மணிக்குமேல் ஓர் அழைப்பு வந்தது. உதவி ஆய்வாளர் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "பை எடுக்க வந்தான். பிடிச்சாச்சு. இது அவன்தானா, பாருங்க" என்று ஓர் அடையாள அட்டையின் படத்தைக் காட்டினார்.

அவன்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். முந்தின நாள் என் எதிரில் நின்று கையெழுத்துப் போட்டவன். அக்கா என்றுதான் என்னைக் கூப்பிட்டான். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், எந்த அருவியில் கூட்டம் குறைவு என்றெல்லாம் கேட்டான். சீசனில் தினம் நூறு முகம் பார்க்கிறவள் நான். குடித்துவிட்டு வருகிறவன், கள்ளப் பெயர் கொடுக்கிறவன் எல்லாரையும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன் என்று அண்ணாச்சியே சொல்வார். இவனிடம் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சாவியைக் கொடுக்கும்போது, "உங்களுக்குப் பிள்ளைங்க எத்தன அக்கா?" என்று கேட்டான். "ஒரே பொண்ணு, எட்டாப்புப் படிக்கா" என்று நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் சொல்லியிருக்கிறேன். பதிமூன்று வயதுக்காரி ஆறு வாரத்தில் சொன்னதை நாற்பது வயதுக்காரி அரை நிமிடத்தில் சொல்லிவிட்டேன்.

உதவி ஆய்வாளர், "அவன் ஃபோன்ல உங்க பிள்ள படம் மட்டும் இல்ல" என்றார். பிடிபட்டான் என்றதும் வரவேண்டிய நிம்மதி அந்த ஒரு வரியோடு வராமலே போய்விட்டது. எங்கோ எத்தனையோ வீடுகளில் எத்தனையோ அம்மாக்கள் பிள்ளை விளையாடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. அவன் உள்ளேதான் இருக்கிறான். புனலூருக்கும் அவனுக்கும் சம்பந்தமே கிடையாது என்று பிறகு சொன்னார்கள்.

பயம் அவன் போனதோடு போகவில்லை. பத்து நாள் நான் வேலைக்குப் போகவில்லை. போன பிறகு, யாராவது அக்கா என்று கூப்பிட்டால் பேனா கையிலிருந்து நழுவியது. மகள் மொட்டைமாடிக்குப் போவதை நிறுத்தினாள். துணி காயப்போடக்கூடப் போகவில்லை. குளிக்கும்போது, "ம்மா, அங்கன இருக்கியா?" என்று நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்பாள். நான் வாசலிலேயே உட்கார்ந்து, "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஆடி பிறந்து அவள் அப்பா அவசர விடுப்பில் வந்தார். வந்ததும் ஃபோனைத்தான் கேட்டார். "எங்க அது? கொண்டா. இந்த வீட்டுல இனிமே பிள்ள கையில ஃபோன் இருக்கக் கூடாது."

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். தலையாட்டினேன். மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிராமல் பேசினாள்.

"எடுத்துக்கிடுங்க. கிளாஸ்ல எல்லாத்தட்டயும் ஃபோன் இருக்கு. அவளுவ ஃபோன்ல நான் விளையாடுவேன். அப்ப எதும் ஆச்சுன்னா உங்க ரெண்டு பேர்ட்டயும் சொல்லவே மாட்டேன்."

"என்ன, மிரட்டுதியா?"

"இல்லப்பா. முந்தியும் அப்பிடித்தான் சொல்லாம இருந்தேன். சொன்னா ஃபோன் போயிரும்னுதான் சொல்லல. அவன் வீட்டு வாசலுக்கு வந்துட்டான்."

எல்லையில் நிற்கிற மனிதர். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அன்றுதான் பார்த்தேன். கை கழுவப் போனவர் வெகுநேரம் குழாயடியிலேயே நின்றார்.

மறுநாள் மூன்று பேரும் ஃபோனை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். படம் எடுத்தால் இடமும் சேர்ந்து பதிவாகிறதா என்று பார்த்து அணைத்தோம். தெரியாதவர்கள் எழுத முடியாதபடி மாற்றினோம். எது எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை, அவளேதான் தேடித் தேடிக் காட்டினாள். கண்ணால் பார்த்த ஆள் மட்டுந்தான் கூட்டாளி, வீட்டையும் தெருவையும் பள்ளிச் சீருடையையும் படத்தில் காட்டுவதில்லை, ரகசியமா வச்சுக்கோ என்று யார் சொன்னாலும் அதைத்தான் முதலில் எங்களிடம் சொல்ல வேண்டும் என்றெல்லாம் பேசி முடிவு செய்தோம். அவள் பங்குக்கு ஒன்றைக் கேட்டாள்.

"நான் என்ன வந்து சொன்னாலும் அடிக்கக் கூடாது, ஃபோனப் பிடுங்கக் கூடாது. ரெண்டு பேரும் சொல்லுங்க."

அவர் சட்டென்று சரி என்றுவிட்டார். எனக்குத்தான் வாய் வரவில்லை. என் கையில் இருந்த ஒரே காவல் அந்த மிரட்டல்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதைக் கீழே வைக்கச் சொன்னால் வெறுங்கையோடு நிற்கிற மாதிரி இருந்தது. கடைசியில் நானும் சரி என்றேன். அதன்பிறகு சில சாயங்காலங்களில் கால்வலியோடு உட்கார்ந்து அவளோடு அந்த விளையாட்டையும் ஆடிப் பார்த்தேன். நான் கட்டிய வீட்டுக்கு வாசல் வைக்க மறந்துவிட்டேன் என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

புரட்டாசியில் ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அவள் வகுப்புத் தோழி ஒருத்தி எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. மகள் என்னை அடுப்படிக்குள் இழுத்தாள்.

"ம்மா, இவட்டயும் ஒருத்தன் போட்டோ கேக்கான். அனுப்பலன்னா அவ அப்பாட்டச் சொல்லிருவேன்னு மிரட்டுதான். வேற ஆளு, வேற ஆப். நான்தான் உன்ட்டச் சொல்லுவோம்னு கூட்டிட்டு வந்தேன்."

கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் ஃபோனை நீட்டினாள். அதே மாதிரிப் பேச்சு, இடையிடையே அதே மாதிரிக் கேள்விகள்.

"எதையும் அழிச்சிராத" என்றேன். "நீ ஒரு தப்பும் பண்ணல. உங்க அம்மாட்டச் சொல்லணும்."

"ஐயோ வேண்டாம் ஆன்ட்டி. கொன்னு போட்டுருவா."

"நான் கூட வாரேன்."

மூன்று பேரும் நடந்தோம். அவர்கள் வீடு இரண்டு தெரு தள்ளி. அந்தப் பெண்ணின் அம்மாவைப் பள்ளிக் கூட்டத்தில் ஒன்றிரண்டு தடவை பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் பழக்கம். என்ன சொல்வாள், யார்மேல் பாய்வாள், என் பிள்ளையின் கதையைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியுமா என்று ஒன்றும் தெரியவில்லை. மகளைப் பார்த்தேன். "சொல்லும்மா. என் விஷயத்தயும் சொல்லு" என்றாள்.

அந்த அம்மா மாவுக் கையோடு வந்து கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "வாங்க, வாங்க. என்ன, பிள்ளைகளோட வந்திருக்கிய?"

"உங்கட்ட ஒரு விஷயம் பேசணும்" என்றேன். "பேசுததுக்கு முன்னால, பிள்ளைய அடிக்க மாட்டேன்னு நீங்க எனக்குச் சொல்லணும்."

சிரிப்பு அப்படியே நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், என் பின்னால் நின்ற தன் மகளைப் பார்த்தாள். மாவுக் கை சேலையைப் பற்றிக்கொண்டது.

"என்ன செஞ்சா?"

"அவ ஒண்ணும் செய்யல" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு உள்ளே போனேன்.